வரிசையில் கிடந்த பல்செட்

நான் சொல்வதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் நாக்கு இந்த இடத்திலேயே அழுகிப்போகட்டும்! இருநூறு பேர் சாட்சி. அதில் நானும் ஒருவன்.

உப்பளத்து ஓரம் மருத்துவ முகாம். கல்லூரியிலிருந்து பேராசிரியை செபஸ்தியம்மாளும், அவரிடம் பயிலும் நிதர்சன் என்ற இளம் டாக்டரும் வந்தார்கள். பையனுக்கு அன்றோடு கிராமப் பயிற்சி முடிகிறது. படிவத்தில் பேராசிரியை அம்மா கையெழுத்துப் போட்டால் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு ஓடிவிடலாம்.

"மேடம், இந்த ஜனங்களுக்கு ஒழுங்கு எப்பதான் வரும்? ஒரு ஆளைக் காணோம். வாசல் பூரா குப்பை!"

"போய்ப் பாரு," என்றார் அம்மா.

போனான். பார்க்கவில்லை, கூட்டினான்! செங்கல், செருப்பு, காலி மருந்துப் புட்டி, தூக்குவாளி மூடி எல்லாம் ஒரே குவியல். உச்சியில் என் பல்செட்.

அடப்பாவி, அத்தனையும் எங்கள் இடம்! டாக்டர்கள் வர நேரமாகும் என்று ஆளுக்கொரு பொருளை வரிசையில் வைத்துவிட்டு உப்பு வாரப் போயிருந்தோம். சேதி கேட்டுப் பறந்து வந்தோம். நிஜமாகவே பறந்தோம், ஒருத்தர் காலும் தரையில் படவில்லை.

"தம்பி, டாக்டருக்குப் படிச்சியளா, தூத்துப் பெருக்கப் படிச்சியளா?" என்று கத்தினாள் பேச்சித்தாய்.

நானும் ஏசினேன். பல்லில்லாமல் வெறும் காற்றுதான் வந்தது.

பையன் வெளிறிப்போனான். பஸ்ஸுக்கு அரை மணிதான். "மேடம், இதை எப்படி அடுக்குவேன்?"

"நீ அடுக்காதே."

"எனக்கு முன்னால மூக்காயி செருப்பு," என்றாள் பேச்சித்தாய். "அதுக்கு முன்னால இந்தப் புட்டி."

"ஏட்டி, காய்ச்சக்காரப் பிள்ளைய எல்லாருக்கும் முன்னால விட்டோம்லா? அதோட கிலுகிலுப்பைய மொதல்ல வை!" என்று அதட்டினாள் மூக்காயி.

நூல் பிடித்ததுபோல் எழுந்தது வரிசை. கலங்கரை விளக்கம் வரை போய், அதையே இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னது!

நிதர்சன் துள்ளிக்கொண்டு ஓடினான். "மேடம்! இருநூறு பேர்! ஒரு இடம்கூடப் பிசகலை! ரொம்ப முடியாதவங்களை அவங்களே முன்னால வச்சிருக்காங்க!" சொல்லிக்கொண்டே படிவத்தை நீட்டினான்.

அம்மா பேனாவைத் திறந்தார். "ஒரு கட்டம் காலியா இருக்கே. 'மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்ன?'"

தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் வாசலைப் பார்த்து ஒரு எட்டு வைத்தான்.

"அவசரமில்லை, உட்காரு," என்றார் அம்மா. "இருநூறு பேர் வர்றாங்க. யாராவது சொல்லித் தருவாங்க."

இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதே. அந்த டாக்டர் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். வாராவாரம் எனக்கு ஊசி போடுவதும் அவர்தான்.