வேலங்காட்டு டீ

நகரத் திட்ட அலுவலகத்தில் இயக்குநர் ஞானசுந்தரம் அடிக்கும் மேசை மணி அந்தக் காலத்தில் மூன்று மாடிக்கும் கேட்கும். கேட்டதும் தேசம்மா டீயோடு ஓடுவாள்.

ஒருநாள் அவர் டீக்குப் பதில் கையெழுத்தைக் கேட்டார். ஆற்றங்கரைக் குடிசைகளைவிட்டு, முப்பது கிலோமீட்டர் தள்ளி வேலங்காட்டு அடுக்குமாடிக்குப் போக அவள் தெருவே சம்மதிக்க வேண்டுமாம்.

"வேலைக்கு எப்படி சார் வர்றது?"

"வரைபடத்துல பஸ் இருக்கு பாரும்மா. நாற்பதே நிமிஷம்!"

"அப்ப நாளைக்கு அமைச்சர் கூட்டத்துக்கு அங்கேயே டீ போட்டு, அந்த பஸ்ல கொண்டு வரேன் சார். சூடா இருந்தா தெருவே கையெழுத்துப் போடும்."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டம் முடியும் நேரத்தில்தான் தேசம்மா வந்தாள். புழுதிச் சேலையோடு தூக்குவாளியை அமைச்சர் முன் வைத்தாள். டீயில் ஆடை கட்டியிருந்தது.

"எங்கேம்மா போயிட்ட?" என்றார் அமைச்சர்.

"வேலங்காட்டுக்குங்கய்யா. எட்டு மணியிலேர்ந்து சார் சொன்ன பஸ்ஸுக்கு நின்னேன். அது வரைபடத்தைவிட்டு இறங்கவே இல்லை. கடைசியில மணல் லாரியிலதான் வந்தேன்."

அமைச்சர் தூக்குவாளியை இயக்குநர் பக்கம் நகர்த்தினார். "குடிங்க."

ஆற்றங்கரைக்காரர்களுக்கு ரயில் நிலையத்தின் பின்னால், பழைய சரக்குக் கிடங்கு இருந்த இடத்தில் வீடு கட்டினார்கள். தேசம்மா ஓய்வு பெறும்வரை அங்கிருந்து நடந்தே வேலைக்கு வந்தாள்.