தொட்டுக் கும்பிட்ட வாகீசனார்

வடகடலும் பால்டிக் கடலும் இருமருங்கும் இரைய, காற்று ஓய்ந்த நாள் என்று ஒன்றில்லாத டென்மார்க் நாட்டில், யூட்லாந்துப் பகுதியில் ஒரு சிற்றூர் உண்டு. அதன் பெயரைச் சொல்லப்போனால் நம்மவர் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். ஆகவே ஊர் என்றே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாய்ப் போன நம் சனங்கள் அங்கே மேசை, நாற்காலி செய்த பழைய தளபாடத் தொழிற்சாலை ஒன்றை வாங்கி முருகனுக்குக் கோயிலாக்கினார்கள். அந்தக் கோயில் வாசலில், காலணி அடுக்கும் சப்பாத்துத் தட்டுக்கு முன்னால்தான் நம் அடியவரை முதலில் காண வேண்டும்.

வாகீசனார் அந்த ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்ட வீரர். சம்பளம் வாங்கி ஆடுபவர், தொலைக்காட்சியில் வருபவர். அப்படிப்பட்டவர் நாள்தோறும் பயிற்சிக்குப் போகுமுன் கோயிலுக்கு வந்து, வாசல் பனியை மண்வாரியால் அள்ளி ஒதுக்குவார். பூசைக்கு வந்தவர்கள் கழற்றி எறிந்த ஈரச் சப்பாத்துகளைத் துடைத்து, சோடி மாறாமல் அடுக்குவார். உள்ளே போய் முன்வரிசையில் நிற்கமாட்டார். கடைசியில், கதவோரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

களத்திலும் அவருக்கு வாய்த்தது கடைநிலை வேலைதான். கோல் அடிப்பவரைத் தோளில் தூக்குவார்கள், கோல் காப்பவருக்குக் கைதட்டுவார்கள். நடுக்களத்தில் நிற்பவரோ எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, தம்மவர் காலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். ஏழு ஆண்டுகளில் வாகீசனார் அடித்தது இரண்டே கோல். அதில் ஒன்று அவர் முதுகில் பட்டுத் தானாகப் போனது!

இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் திகைப்பீர்கள். நம் கால் ஒருவர்மேல் தெரியாமல் பட்டுவிட்டால், அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம். பேருந்தில் செய்வோம், பந்தியில் செய்வோம். வாகீசனாரோ அதை உதைபந்தாட்டக் களத்தில் செய்தார். ஓர் ஆட்டத்தில் இருபது தடவை கால் பட்டால் இருபது தடவையும் குனிந்து, எதிராளியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மேலே ஓடுவார்.

இது தொடங்கிய கதையும் அதிர்ச்சிதான். அவருடைய தாயார் தவமணி அம்மா அதே கழகத்தில் உடைமாற்றும் அறைகளைத் துப்புரவு செய்தவர். வாகீசனாருக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சிறுவர் ஆட்டம் ஒன்றை அம்மா சன்னலால் எட்டிப் பார்த்தார். மகன் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் காலால் தட்டி விழுத்திவிட்டு, திரும்பியும் பாராமல் ஓடுவது தெரிந்தது. அவ்வளவுதான். மஞ்சள் கையுறையோடும் நிலம் துடைக்கும் தடியோடும் அம்மா நேரே களத்துக்குள் இறங்கிவிட்டார். நடுவர் ஊதல் ஊதியதைக் காதில் வாங்கவேயில்லை.

"ஏன்ரா! காலால தட்டிப்போட்டு மாடு மாதிரி ஓடுறாய்? அந்தப் பிள்ளைக்குள்ளயும் முருகன் இருக்கிறார் எல்லோ? தொட்டுக் கும்பிடு!"

பிள்ளை தொட்டுக் கும்பிட்டது. அம்மா தடியைத் தூக்கிக்கொண்டு தம் வேலைக்குத் திரும்பினார். அன்று பிடித்த நியமத்தை வாகீசனார் ஒருநாளும் விடவில்லை.

பத்தொன்பதாம் வயதில் கழகத்தின் முதல் அணியில் சேர்ந்தபோது பரிகாசமும் கூடவே சேர்ந்துகொண்டது. எதிரணி ரசிகர்கள் அவர் பந்தைத் தொட்டாலே ஆயிரம் பேராய்க் கண்ணைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. நடுவர்கள் அந்தக் கும்பிட்டைக் குற்ற ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்! செய்யாத பிழைக்கெல்லாம் மஞ்சள் அட்டை வந்தது. பயிற்சியாளர் பிரெபன் என்பவர் நல்ல மனிதர், ஆனால் வாய் பொல்லாதது. ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் வெடித்துவிட்டார்.

"நீயே குனிந்து நான்தான் செய்தேன் என்று சொன்னால், நடுவர் வேறென்ன செய்வார்? உனக்கு மூளை கலங்கிவிட்டதா?"

"அது மன்னிப்பு இல்லை, வணக்கம்" என்றார் வாகீசனார்.

"நடுவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இன்னொரு தடவை அதனால் நாம் தோற்றால், உனக்கு இங்கே இடமில்லை."

அந்த நாளும் வந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம், ஞாயிறு பிற்பகல். தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். சமன் செய்தாலே தப்பிவிடும். ஊரே திரண்டு வந்திருந்தது. எண்பத்தொன்பதாம் நிமிடம் வரை இருபக்கமும் கோல் இல்லை. அப்போது எதிரணியின் ஒன்பதாம் எண் வீரர் பந்தோடு கோல் எல்லைக்குள் பாய்ந்தார். வாகீசனார் குறுக்கே காலை நீட்டினார், பந்து விலகி ஓடியது, ஒன்பதாம் எண் உருண்டு விழுந்தார். நடுவர் ஒன்றும் காணவில்லை. ஆடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டார். தப்பியாயிற்று!

ஐயோ, அந்த நேரத்திலா! பதினோராயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாகீசனார் நின்றார். திரும்பி வந்தார். விழுந்து கிடந்தவரின் சப்பாத்தைத் தொட்டார். இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

நடுவர் அதைக் கண்டார். ஊதல் ஊதி, தண்ட உதைக்கான புள்ளியைக் காட்டினார். பந்து வலைக்குள் போனது. கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பிரெபன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் விழுந்ததைக்கூட அறியாமல் நின்றார்.

அடுத்தநாள் வந்தது அதைவிடப் பெரிய இடி. கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார்கள். வாகீசனாரின் காலுக்கும் ஒன்பதாம் எண்ணின் காலுக்கும் இடையே முழுதாக ஒரு சாண் வெளி இருந்தது. கால் படவேயில்லை! தாமே தடுக்கி விழுந்ததாக ஒன்பதாம் எண்ணும் ஒப்புக்கொண்டுவிட்டார். செய்யாத குற்றத்துக்காக ஒரு மனிதர் தம் கழகத்தையே கவிழ்த்துவிட்டார் என்று நாடே தலையில் கைவைத்தது. செய்தியாளர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"இப்போதாவது தவறு செய்துவிட்டதாக உணர்கிறீர்களா?"

வாகீசனார் சொன்னார்: "என் கால் ஒரு காலை மிதித்தது. எனக்குத் தெரியும். அது வெறுங்கால்."

இருபத்திரண்டு பேரும் சப்பாத்துப் போட்டு ஆடும் களத்தில் வெறுங்காலா! கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்க முடியாதவர்கள் திட்டினார்கள். சாமான் வாங்கும் கடையில் நம்மவர் வரிசையில் நின்றால் அயலவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோயில் சபைத் தலைவர் அருளம்பலத்தாருக்கு அது பொறுக்கவில்லை.

"தம்பி, குறை நினையாதையும். கொஞ்ச நாளைக்குப் பூசை நேரத்தில உள்ளுக்க வராதையும். உம்மால எங்கட சனத்துக்கெல்லாம் வெக்கக்கேடு."

கதவோரம் நின்றவர் அன்றிலிருந்து கதவுக்கு வெளியே, சப்பாத்துத் தட்டருகே நின்று கும்பிட்டார். அந்த ஞாயிறன்று போட்டிருந்த சப்பாத்துகளைத் தட்டின் அடித்தட்டில் வைத்தார். பிறகு அவற்றை அணியவேயில்லை.

கழகம் முற்றாகக் கைவிடவில்லை. பிரெபன் வீட்டுக்கே வந்தார். அடுத்த பருவத்துக்கும் ஒப்பந்தம் தருவதாகவும், அந்தக் கும்பிட்டை விடுவதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னார். அப்போது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து அடி விழுந்தது. தவமணி அம்மாவே அழுதுகொண்டு முன்னால் வந்தார்.

"நான்தானே ராசா சொல்லித் தந்தனான். நானே சொல்லுறன், விட்டிடு. முருகன் கோவிக்கமாட்டார். உன்ர வாழ்க்கை போகுதெல்லோ!"

வாகீசனார் தாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லித் தந்தது நீங்கள்தான் அம்மா. ஆனா நான் இவ்வளவு காலமும் கும்பிட்டது உங்களை இல்லையே."

பிரெபனுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் பதில் விளங்கிவிட்டது. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள். கிறிஸ்துமசுக்கு வெட்டி விற்கும் நத்தார் மரங்கள் வளர்க்கும் பண்ணையில் கூலிக்குக் கன்று நட்டார். சனிக்கிழமைகளில் ஆடு மேயும் வயலோரத்துச் சிறு கழகம் ஒன்றுக்கு ஆடினார். தொலைக்காட்சி இல்லை, கூட்டம் இல்லை. அங்கும் கால் பட்டால் குனிந்து தொட்டார். காலையில் பனி அள்ளுவதையும் சப்பாத்து அடுக்குவதையும் ஒருநாளும் நிறுத்தவில்லை. தம்மை உள்ளே விடாத சபைத் தலைவரின் சப்பாத்தையும் அவர்தான் துடைத்து வைத்தார். எனக்கென்றால் ஆற்றாமையாக இருக்கிறது, அவருக்கு அப்படியில்லை!

கோயில் கட்டிப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்ததால் கும்பாபிஷேகம் வைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதி ஒருவர் வந்தார். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிவிட்டு, திருமேனியைச் சுத்தம் செய்ய வேண்டும். முருகனின் திருவடியில் வெள்ளிக் கவசம் இருந்தது. சில ஆண்டுகளாக அபிஷேகத்தின்போதுகூட அதைக் குருக்கள் கழற்றியதில்லை. அவருடைய பக்தி அப்படி என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஸ்தபதி அதைக் கழற்றச் சொன்னதும் சோமாஸ்கந்தக் குருக்கள் வியர்த்துப்போனார். கழற்றிவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

முருகனின் வலத் திருவடியில், கருங்கல்லில், ஆறு குழிகள் இருந்தன.

"ஐயா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ!" என்று குருக்கள் விம்மினார். "நாலு வருசத்துக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசைக்குத் திரை விலக்கினபோது கண்டனான். காலமை அபிஷேகம் செய்யேக்க இருக்கேல்லை. குத்துவிளக்கு ஏதும் சரிஞ்சு விழுந்திட்டுதோ எண்டு பயந்துபோனன். திருமேனி பின்னப்பட்டுப் போச்செண்டு சனம் என்னைத்தானே சொல்லும்? சந்தனத்தை அப்பி மறைச்சன். பிறகு கவசம் செய்விச்சுப் போட்டன்."

அருளம்பலத்தார் திடுக்கிட்டார். "எந்த ஞாயிறு ஐயா?"

"எங்கட கழகம் தோத்த ஞாயிறு."

ஸ்தபதி விளக்கைக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். அவர் முகம் வெளுத்தது.

"இது உளி பட்டதில்லைங்க. விளக்கு விழுந்ததுமில்லை. அப்படின்னா கல்லு சிதறியிருக்கணும். இது மெழுகுல அழுத்தின மாதிரி பதிஞ்சிருக்கு. நாப்பது வருஷமா கல்லு கொத்துறேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்லை."

வாகீசனார் சொன்ன அந்த வெறுங்கால் அருளம்பலத்தாருக்குச் சட்டென்று உறைத்தது. ஆனால் காலில் போட்ட சப்பாத்தைக் கருவறைக்குள் கொண்டுவருவதா? வாயால் சொல்லவும் கூடாதே! ஸ்தபதிதான் வழி கண்டார். மெல்லிய தாளைத் திருவடிமேல் வைத்துக் கரிக்கட்டியால் தேய்த்து, ஆறு குழிகளின் அச்சை எடுத்தார். தாளை ஏந்திக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்.

வாகீசனார் அங்கே குந்தியிருந்து யாருடையதோ சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தவமணி அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். அருளம்பலத்தார் அடித்தட்டிலிருந்த வலச் சப்பாத்தை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஆறு உலோகக் குமிழ்கள். ஸ்தபதி தாளை அதன்மேல் வைத்தார்.

ஆறும் ஆறோடு பொருந்தின.

தவமணி அம்மா கையிலிருந்த பூவெல்லாம் சிந்திவிட்டது. "ஐயோ, என்ர முருகா! நான் விடச் சொன்னனே! இந்த வாயால சொன்னனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அருளம்பலத்தார் வாகீசனாரின் காலில் விழப்போனார். வாகீசனார் பதறி விலகிக்கொண்டார். நடந்தது விளங்கியதும் அவர் மகிழ்ந்தார் என்றா நினைக்கிறீர்கள்? சுவரைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

"உன்னையா மிதிச்சனான் முருகா? ஆணிச் சப்பாத்தாலயா மிதிச்சனான்? நோகேல்லையா உனக்கு?"

அந்தக் குரலைக் கேட்டவர்கள் இன்றும் சொல்லும்போது அழுகிறார்கள். சோமாஸ்கந்தக் குருக்கள் முன்னே வந்து அவர் கையைப் பிடித்தார். நான்கு ஆண்டுகள் வாசலுக்கு வெளியே நின்றவரை உள்ளே நடத்திப்போனார். முன்வரிசையையும் தாண்டி, கருவறைப் படிவரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"வாங்கோ தம்பி. அண்டைக்கு நீங்கள் தொட்டது சப்பாத்தை. இண்டைக்குத் தொட வேண்டியதைத் தொடுங்கோ."

வாகீசனார் குனிந்தார். களத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை குனிந்தது போலவேதான் குனிந்தார். ஆறு குழிகளையும் விரலால் தொட்டார். இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

பின்னம் என்று அதைச் சொல்ல ஸ்தபதிக்கு வாய் வரவில்லை. குழிகளை மூடவும் மறுத்துவிட்டார். செய்தி கேட்டு வந்த பிரெபன், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்து அதைப் பார்த்தார். கழகத்துக்குத் திரும்பி வரும்படி கேட்டார், நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. வாகீசனார் இன்னும் இரண்டு பருவம் அங்கே ஆடினார். அப்போதும் கால் பட்டால் தொட்டார். ஆனால் ஊதல் ஊதிய நடுவர் ஒருவருமில்லை. விழுந்து கிடந்த எதிராளிகளும் எழுந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று கருவறையில் என்ன உணர்ந்தாய் என்று தாயார் கேட்டதற்கு மட்டும் அவர் ஒரு பதில் சொன்னாராம். "கல்லு மாதிரி இல்லை அம்மா. காலில சூடு இருந்தது."

உலகத்தார் இல்லை என்று சொன்ன பிழையை உண்டு என்று கண்டு குனிந்த அந்த நடுக்களத்து அடியவர் அள்ளி ஒதுக்கிய வாசற்பனிக்கும் எம் வணக்கம்.