விட்டுப்போன பக்கம்

ஜெபக்கனி டீச்சருக்கு வயது நாற்பத்து மூன்று. அவரிடம் எஞ்சின் பாடம் கேட்ட தளவாய்க்கு ஐம்பத்தெட்டு.

டீச்சர் விமானப் படையின் எஞ்சின் பிரிவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவர். வார நாட்களில் பாலிடெக்னிக்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், கரிசல் காட்டு நடுவே கிடந்த ஒரு பழைய ஓடுபாதைக்கு வருவார். அங்கே ஒரு தகரக் கொட்டகை உண்டு. சொந்தமாக விமானம் கட்டியே தீருவது என்று கிளம்பிய நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். அவர்களில் ஒருவர் தளவாய்.

நூற்பாலையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை ஆறு வருடமாகத் தன் கையால் கட்டினார். இறக்கையில் இருந்த ஒவ்வொரு ரிவெட் ஆணியும் அவர் அடித்தது. எஞ்சினை மட்டும் வெளியே வாங்கினார். வடக்கே ஒரு பட்டறையில் பழைய எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதுசு போலக் கட்டி அனுப்பினார்கள். பேரிங்குகள் அனைத்தும் புதியவை என்று முத்திரை குத்திய சான்றிதழும் கூடவே வந்தது.

முதன்முதலாகப் பறந்த அன்றே, எண்ணூறு அடி உயரத்தில் அந்த எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

கீழே வற்றிய கண்மாய். அதில் ஆடுகள். ஆடுகளுக்கு நடுவே ஒரு பெண், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். எஞ்சின் சத்தம் இல்லாததால் அவள் ஆடுகளை அதட்டி விரட்டியது தளவாய்க்குக் காதில் கேட்டது. அவளுக்குப் பத்தடி தள்ளி விமானம் தரையில் மோதி, சக்கரம் பிய்ந்து, மூக்கு மண்ணில் புதைந்து நின்றது. தளவாய்க்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டு ஆடுகள் செத்தன.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பட்டறைக்கு எழுதிக் கேட்டார். பதில் இரண்டே வரி. ஓட்டியவரின் அனுபவக் குறைவே காரணம். எஞ்சினில் குறை ஏதும் இல்லை.

தளவாய் அந்தத் தாளைக் கசக்கினார். பிறகு சாட்சிக்கு வேண்டுமே என்று நீவி எடுத்து வைத்தார்.

விமானத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். அவர் முன்னிலையில் டீச்சர் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடில், பேரிங் என்கிற மெல்லிய வளைதகடு அரைபட்டுக் கூழாகிக் கிடந்தது. பக்கத்து ராடின் பேரிங் முழுதாக இருந்தது. டீச்சர் அதைக் கழுவித் திருப்பினார். முதுகில் தேதி அடித்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"பழசைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கி மாட்டியிருக்கான்" என்றார் டீச்சர். "கொலைகாரப் பாவி."

டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து தளவாய் கேட்டதில்லை. அவருக்கு அது ஆறுதலாக இருந்தது.

தளவாய் ஒரு வாரம் உட்கார்ந்து புகார் எழுதினார். வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியதால் அவர் சொல்லச் சொல்ல மகள் டைப் அடித்தாள். பதினான்கு பக்கம். பேரிங்கின் படம், சான்றிதழின் நகல், அந்த இரண்டு வரிப் பதில், எல்லாம் இருந்தன. துறைக்கு ஒன்று, விமானம் கட்டுகிறவர்களின் சங்கத்துக்கு ஒன்று. அனுப்பும் முன் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

டீச்சர் நின்றபடியே கடைசிவரை படித்தார்.

"நல்லா இருக்கு சார். ஒரு பக்கம் விட்டுப்போச்சு."

"எது?"

"தரையில அஞ்சு மணி நேரம் ஓட்டினப்புறம் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாக்கணும்னு சொல்லியிருந்தேன். பாத்தீங்களா?"

தளவாய் கைக்கட்டைச் சரிசெய்துகொண்டார்.

"பாத்தேன்."

"உள்ள உலோகத் தூள் மின்னுச்சா?"

"புதுசாக் கட்டின எஞ்சின்ல கொஞ்சம் மின்னத்தான் செய்யும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எவ்வளவு மின்னுச்சு?"

"தொடைச்ச கை... உள்ளங்கை பூராவும் மின்னுச்சு."

"காந்தத்துல ஒட்டுச்சா?"

"ஒட்டல."

"இரும்பு இல்லைன்னா பேரிங் உதிருதுன்னு அர்த்தம். அதையும் சொல்லிக் குடுத்திருக்கேன். ஏன் என்னைக் கூப்பிடல?"

"உங்களுக்குப் பரீட்சை வேலை. மறுநாள் காலையில பறக்கணும். சம்பந்தி வீட்டிலேருந்து வேன் பிடிச்சுப் பதினாறு பேரு வந்து இறங்கிட்டாங்க. அவங்ககிட்டப் போயி என்னன்னு சொல்லச் சொல்லுதீங்க?" தளவாயின் குரல் ஏறியது. "என்ன டீச்சர் இப்படிக் கேக்கீங்க? பழசைப் புதுசுன்னு வித்தவன் அவன். செத்துப் பிழைச்சவன் நான். நீங்க என்னை விசாரிக்கீங்க!"

"அந்த ஃபில்டர் எங்க?"

"வீட்ல இருக்கு."

"அதைப் படம் எடுத்துச் சேருங்க. கை மின்னினதையும் எழுதுங்க. காந்தத்துல ஒட்டாததையும் எழுதுங்க."

"எழுதினா அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? தெரிஞ்சேதான் பறந்தான், அவன் மேலதான் தப்புன்னு சொல்லுவான்."

"சொல்லுவான்."

"அப்புறம் எதுக்கு எழுதணும்?"

டீச்சர் பதில் சொல்லாமல், "அந்தப் பட்டறை இது மாதிரி இன்னும் எத்தனை எஞ்சின் அனுப்பியிருக்கு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு. விளம்பரத்துல பெருமையாப் போட்டிருக்கான்."

"அந்தப் பதினோரு பேரும் எஞ்சினைப் பிரிச்சா பேரிங்கைப் பாப்பாங்க? ஃபில்டரைத்தான் அறுத்துப் பாக்க முடியும்."

தளவாய் காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டார். வாசலில் கிடந்த டயரை எட்டி உதைத்தார். தோள் வலித்தது. "நியாயம் கேக்க வந்தவனுக்கு நல்ல நியாயம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மூன்று நாள் மகளிடமும் பேசவில்லை. நாலாம் நாள் காலை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பதினைந்தாவது பக்கத்தைச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே தபாலில் சேர்த்தார். சங்கம் தன் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அதை அனுப்பி வைத்தது.

ஐந்து மாதம் கழித்துத் துறையின் அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு தளவாய் ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வந்தார். நடையிலேயே கோபம் தெரிந்தது.

"படிங்க டீச்சர். நீங்களே படிங்க."

பட்டறையின் உரிமத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. ஃபில்டரில் உலோகத் துகள்களைக் கண்ட பிறகும் பறந்தது விமானியின் கவனக்குறைவு; ஒரு வருடம் அவர் பறக்கக் கூடாது.

"அந்தத் திருட்டுப் பய பேரும் என் பேரும் ஒரே தாள்ல! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? அந்த ஒரு பக்கத்தைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. நான் சொல்லலேன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னவனுக்கு இதுதானா கூலி?"

டீச்சர் தாளை மடித்து அவரிடம் கொடுத்தார்.

"எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது சார்" என்றார். "அந்தப் பதினோரு பேர்ல யாராவது உங்ககிட்டப் பேசினாங்களா?"

"ஏழு பேர் பேசினாங்க. மூணு பேருக்கு ஃபில்டர் மின்னுதாம். உள்ளங்கை பூரா, எனக்கு மின்னின மாதிரியே." சொல்லும்போதும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அந்த மூணு பேரும் எங்கேருந்து பேசினாங்க?"

"ஒருத்தர் கோலாப்பூர். ஒருத்தர் மைசூர்ப் பக்கம். இன்னொருத்தர்..."

"ஊரைக் கேக்கல சார். பறந்து விழாம, தரையில இருந்துக்கிட்டுத்தானே பேசினாங்க?"

தளவாய் அறிக்கையைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு வாசலில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.