டீனின் அக்காவுக்கு எழுதிய மருந்து

ஒரு பேனா அசடு வழிந்த கதை இது. சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் கொஞ்சம் பொறுக்கணும். ஆஸ்பத்திரியின் ஏழாம் கட்டிலில் செங்கமலம் நாலு நாளாக உட்கார்ந்தே இருக்கிறார். முதலில் அவர் படுக்கட்டும்.

புற்றுநோய் அவர் முதுகெலும்பைப் பிடித்திருந்தது. சாய்ந்தால் வலியில் உயிர் போகும். ஆனால் டாக்டர் அருளானந்தம் வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்றால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பரவால்லைங்க சார்" என்பார். டாக்டர் மனசு நோகக் கூடாதாம்! அவர் சட்டைப் பைப் பேனாவும் 'பாராசிட்டமால், வலித்தால் மட்டும்' என்று எழுதிவிட்டு மூடியை மாட்டிக்கொள்ளும்.

டாக்டர் நகர்ந்ததும் செங்கமலம் பல்லைக் கடித்து முனகுவது, டாக்டர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்புக்கு மட்டும் கேட்கும்.

"யோவ் பேனா, வலிக்கு மார்பின் மாத்திரை எழுதேன்யா."

"சும்மா இரு. பழக்கமாயிடும். மூச்சு நின்னுடும். அதெல்லாம் கடைசி நாளுக்கு."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

எத்தனையோ நெஞ்சைக் கேட்ட ஸ்டெதாஸ்கோப்புக்கு எந்தக் குரலும் அப்படியே வரும். மறுநாள் டாக்டர் கேஸ் ஷீட்டைப் பிரித்ததும், பேனாவுக்கு மட்டும் கேட்கும்படி, ஆஸ்பத்திரித் தலைவரான டீன் குரலில் செருமியது.

"யாருப்பா அது? இந்தக் கட்டில்ல எங்க அக்கா இருக்காங்க. எலும்புல பரவியிருக்கு. வலி பத்துக்கு எட்டு. என்ன எழுதப்போறே?"

பேனாவுக்கு மை கசிந்தது. "ஐயா, வணக்கங்கய்யா! மார்பின் மாத்திரைங்கய்யா. சின்ன அளவுல ஆரம்பிச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலிக்கட்டும்னு காத்திருக்கவே கூடாதுங்கய்யா. மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேர்த்தே மருந்து!"

"பழக்கமாயிடாதா?"

"இந்த மாதிரி வலிக்குப் பார்த்துக் கொடுத்தா அந்தப் பயம் ரொம்பக் கம்மிங்கய்யா."

"மூச்சு?"

"மெதுவா அளவைக் கூட்டி, கூடவே கவனிச்சுக்கிட்டா போதுங்கய்யா. எல்லாம் படிச்சதுதானே!"

"அப்ப எழுது."

பேனா பறந்து பறந்து எழுதியது. டாக்டர் அதை வெறித்துப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "நிஜமாச் சொல்லுங்கம்மா. பத்துக்கு எத்தனை?"

செங்கமலம் இந்தத் தடவை முந்தானையைச் சரிசெய்யவில்லை. "எட்டு இருக்கும் சார்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் காலை ஏழாம் கட்டிலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. செங்கமலம் காலை நீட்டி மல்லாந்து படுத்திருந்தார்!

"ஏம்மா, இட்லி வந்தாச்சு," என்று எழுப்பினார் நர்ஸ் லூர்துமேரி.

"அஞ்சு நிமிஷம் சிஸ்டர்," என்று புரண்டு படுத்தார். புரண்டு! பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

பேனா நெஞ்சை நிமிர்த்தியது. "டீன் ஐயாகிட்டச் சொல்லிடு, அவங்க அக்கா..." என்று கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தது. 'செங்கமலம். தொழில்: நாற்று நடவு.'

"டீனோட அக்கா எதுக்கு நாத்து நடறாங்க?"

ஸ்டெதாஸ்கோப் டீன் குரலிலேயே செருமியது.

"அடப்பாவி!" என்று அலறிய பேனா, சட்டென்று குரல் இறங்கிக் கேட்டது: "அப்ப, இதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரிஞ்சிருந்துதா?"