மூன்றாவது வரியில் ஒரு தாமதம்

"டீச்சர், பாயை நிறுத்திடலாம்" என்றாள் கனகவல்லி.

ரெஜினா டீச்சர் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பாயை?"

"நமக்கு இருக்கிறது ஒரு பாய்தானே. டோலக் காதர் பாய்."

டீச்சர் வெந்நீரை ஊதினார்.

கல்யாணம் இல்லாத நாட்களில் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் இவர்களுடைய மெல்லிசைக் குழு பயிற்சி செய்யும். டீச்சர் பாடுவார். கனகவல்லி கீபோர்டு. காதர் பாய் டோலக்.

கனகவல்லி டீச்சரைவிட மூத்தவள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் கீபோர்டைத் தொட்டாள். விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர்.

மழைக்காலத்தில் டீச்சர் நிமோனியாவில் படுத்துவிட்டார். தை பிறந்ததும் பாட வந்துவிட்டார். குரல் பழையபடியே இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பங்குனித் திருவிழா மேடையையும் ஒப்புக்கொண்டாயிற்று.

"பாய் என்ன பண்ணினார்?"

"இழுக்கிறார் டீச்சர். தாளம் நிக்கலை. நான் சும்மா சொல்லலை, சாட்சி இருக்கு."

பையைத் திறந்தாள். துண்டில் சுற்றிய டேப்லெட்டை எடுத்தாள். தரை கழுவிய ஈரம் மேசைவரை இருந்தது. முந்தானையால் இரண்டு தடவை துடைத்தாள். அப்புறமும் மனசு கேட்காமல் துண்டை விரித்து, அதன்மேல் டேப்லெட்டை வைத்து, ஒரு சாம்பார் வாளியில் சாய்த்தாள்.

போன வாரப் பயிற்சியை அதில்தான் பதிவு செய்திருந்தாள். மைக்குகள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் சேரும், பெட்டி டேப்லெட்டில் சேரும். திரையில் ஆளுக்கு ஒரு கோடு. ஒரு கோட்டை அடைத்தால் மற்றவை மட்டும் கேட்கும்.

"இது பாயோட கோடு. தனியாக் கேளுங்க."

கேட்டார்கள்.

"ஒவ்வொரு சரணத்திலும் மூணாவது வரிக்கு முன்னாடி பாருங்க. நிக்கிறார். அப்புறம் ஓடி வந்து சேர்ந்துக்கிறார். நான் காதுல டிக் டிக்னு தாளத்தை மாட்டிக்கிட்டுத்தான் வாசிச்சேன். என் கோடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. மேடையில இப்படி ஆனா யாரைச் சொல்வாங்க? குழுவைத்தானே சொல்வாங்க? எனக்கு ராத்திரியெல்லாம் இதே நினைப்பு."

"என்ன செய்யலாங்கிறீங்க?"

"ரிதம் மெஷின் வாங்கிடலாம். அது இழுக்காது."

"பாய் பாவம் இல்லையா?"

"பாவம்தான். அவர் கொண்டுவர்ற முறுக்கை முதல்ல எடுக்கிறதே நான்தான். அதுக்காக?"

டீச்சர் சிரித்தார்.

"இன்னொண்ணும் செஞ்சிருக்கேன் டீச்சர். பாயோட ஒவ்வொரு அடியையும் பிடிச்சு நகர்த்தி, அதது இருக்கவேண்டிய இடத்துல வச்சேன். அரிசியில கல் பொறுக்கின மாதிரி. கண்ணு போச்சு. இப்பக் கேளுங்க, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு."

"மூணு பேரும் சேர்ந்தா?"

"நான் இன்னும் சேர்த்துக் கேட்கலை. முதல்ல உங்களுக்குத்தான்."

அழுத்தினாள்.

டோலக் நேராக நடந்தது. கீபோர்டு நேராக நடந்தது. மூன்றாவது வரி வந்தது. டீச்சரின் குரல் மட்டும் பின்னால் வந்து விழுந்தது.

கனகவல்லி நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

மறுபடியும் குரல் பிந்தியது.

அடுத்த சரணத்திலும் அப்படியே.

"இப்ப யார் இழுக்கிறாங்க, கனகாக்கா?" என்றார் டீச்சர்.

கனகவல்லி துண்டின் ஓரத்தை நீவினாள்.

"சொல்லுங்க. யாரை நிறுத்தணும்?"

"டேப்லெட்டுல ஏதோ கோளாறு டீச்சர். சார்ஜும் கம்மியா இருக்கு."

"நீங்க நகர்த்தினதைப் பழையபடி ஆக்க முடியுமா?"

"முடியும்."

"ஆக்குங்க. உங்க கோட்டை அடைச்சிடுங்க. என்னோடதும் பாயோடதும் மட்டும் போடுங்க."

போட்டாள்.

இரண்டாவது வரி முடிந்தது. டீச்சரின் மைக்கில் ஒரு மூச்சு கேட்டது. நீளமான மூச்சு. பாதியில் சிக்கி, திரும்பவும் இழுத்த மூச்சு. கீபோர்டு ஒலித்தபோது அது கேட்டதே இல்லை.

அந்த மூச்சு முடியும்வரை டோலக்கில் அடி விழவில்லை. விரல் மட்டும் தோலை லேசாகத் தடவிக்கொண்டிருந்தது.

மூச்சு நிறைந்தது. அடி விழுந்தது. குரல் அதன்மேல் ஏறிக்கொண்டது.

அடுத்த சரணம். அதே இடம். அதே மூச்சு. அதே விரல்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"டீச்சர், நீங்க பாய்கிட்ட சொல்லியிருந்தீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லலை. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. காதர் பாய் தோளில் டோலக்கும் கையில் முறுக்குப் பொட்டலமுமாக வந்தார்.

"கனகம்மா, உங்க பலகை இன்னைக்கு என்ன சொல்லுது? நான் பாஸா, ஃபெயிலா?"

கனகவல்லி டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் கேட்டார். "பாய், மூணாவது வரிக்கு முன்னாடி ஏன் இழுக்கிறீங்க?"

காதர் பாய் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமானார்.

"இழுக்கிறேனா? கவனிக்கலையே டீச்சர்."

முறுக்கைக் கனகவல்லி பக்கம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்தாள். கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ரிதம் மெஷின் வாங்கணும்னீங்களே அக்கா?" என்றார் டீச்சர்.

"மெஷினா? எதுக்கு?" என்றார் காதர் பாய்.

"ஒண்ணுமில்லை பாய். நீங்க உட்காருங்க" என்றாள் கனகவல்லி.

மைக்குகளை மாட்டினாள். பதிவை ஓடவிட்டாள். டிக் டிக் தாளம் கேட்கும் இயர்போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வயரைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

பாட்டு தொடங்கியது.

பாடி முடித்ததும் டீச்சர் திரும்பினார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

"கனகாக்கா, மூணாவது வரிக்கு முன்னாடி நீங்களும் இழுத்தீங்க."

கனகவல்லி முறுக்கைக் கடித்தாள்.

"இழுத்தேனா? கவனிக்கலையே டீச்சர்."