அரசருக்கு மட்டும் வளையும் வில்

இலுப்பைக்கோட்டை அரசர் திருமேனிராயருக்கு எல்லாம் பெரிசு. மனசு பெரிசு, கோபம் பெரிசு, தொப்பை அதைவிடப் பெரிசு. கைகள் மட்டும் குட்டை. அவருடைய சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் ஆதிநாதன் நான்தான். எனக்குப் பெரிசு வாய் ஒன்றுதான்.

ஒவ்வொரு விஜயதசமிக்கும் அரசர் ஊர் எல்லைக்குப் போய், அங்கே நட்டு வைத்த வாழையில் அம்பு எய்ய வேண்டும். போன வருஷம் பாட்டனார் காலத்து வில்லை அவரால் பாதிகூட இழுக்க முடியவில்லை. அம்பு காலடியிலேயே விழுந்தது. ஜனங்கள் எல்லாரும் கருடனைத் தேடுகிறவர்கள்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்த விஜயதசமிக்குள் புது வில் செய்யச் சொல்லுங்கள்" என்றார் அரசர்.

"நல்ல வில்லுக்கு ஒரு வருஷமாவது ஆகும், அரசே" என்றார் தளவாய் மதயானையார். ஆறடி ஆள். மீசையே ஒரு படை மாதிரி இருக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு குச்சி, ஒரு கயிறு. இதற்கு ஒரு வருஷமா? நானே செய்துவிடுவேனே!" என்றேன். சபை சிரித்தது. சபை சிரித்துவிட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

தளவாய் சிரிக்கவில்லை. "ஆதிநாதரே செய்யட்டும் அரசே. ஆனால் தாங்கள் மட்டுமே வளைக்கும்படியான வில்லாக இருக்கட்டும். வேறு எவன் கைக்கும் அது வளையக் கூடாது. அப்படிச் செய்யத் தெரியாவிட்டால் சபையில் அவர் இடத்தை என் மைத்துனனுக்குக் கொடுங்கள்."

அந்த மைத்துனன் தன் விகடத்துக்குத் தானே சிரித்து, தானே விளக்கமும் சொல்கிறவன்.

"பிரமாதம்! அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வில் விறைப்பாக இருந்தால் அரசரால் வளைக்க முடியாது. அரசரால் வளைக்க முடிந்த வில்லை அரண்மனைப் பூனையும் வளைத்துவிடும். சபையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

காட்டிலிருந்து வில்லுக்கு ஏற்ற சடச்சி மரம் வெட்டி வந்தேன். பச்சை மரம் நிழலில் மாதக்கணக்காகக் காய வேண்டும் என்றார்கள். எனக்கு ஏது பொறுமை? அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காய வைத்தேன். நெடுக வெடித்தது.

அடுத்த கட்டையை, யாரோ எப்போதோ காய வைத்திருந்ததை, கெஞ்சி வாங்கி வந்தேன். அதில் முதுகுப் பக்கத்து நாரை, அதாவது எய்கிறவனுக்கு வெளிப்புறமாக இருக்கும் நாரை, அறுக்கக் கூடாதாம். அதுதான் வில்லைத் தாங்குமாம். எனக்கு வழவழப்பாக இருந்தால்தான் பிடிக்கும் என்று அங்கேயே நன்றாக இழைத்தேன். நாண் ஏற்றியதும் வில் ஒடிந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தது.

என் மனைவி ஆவுடை எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா? அப்ப எடுத்துட்டு வாங்க. உலை கொதிக்கலை."

மூன்றாவது வில் ஒடியவில்லை. ஆனால் மேல் பாதி விறைத்துக்கொண்டு நின்றது. அதைச் சீவினேன். உடனே கீழ்ப் பாதி விறைப்பாகத் தெரிந்தது. அதையும் சீவினேன். மறுபடி மேல் பாதி. இப்படி மாறி மாறிச் சீவி, யானையை அடிக்கப் புறப்பட்ட வில் ஓணானை அடிக்கும் வில்லாகிவிட்டது.

"பல்லு குத்தறதுக்கா செய்யறீங்க?" என்றாள் ஆவுடை.

இழுத்துப் பார்த்தேன். ஒரு முழம் வரை இழுத்தால் சாதுவாக வளைந்தது. அதற்கு மேல் ஒரு விரல் இழுத்தாலும் 'மளுக் மளுக்' என்று முனகியது. இன்னும் இழுத்தால் இதுவும் அடுப்புக்குத்தான்.

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அரசரின் குட்டைக் கைகளும், அவற்றுக்குக் குறுக்கே நிற்கும் தொப்பையும் நினைவுக்கு வந்தன. அவர் எந்த வில்லையும் முக்கால் முழத்துக்கு மேல் இழுத்ததே இல்லை. வில்லை அப்படியே துணியில் சுற்றி வைத்தேன். அதற்குமேல் அதைத் தொடவே இல்லை.

விஜயதசமி வந்தது. அரசர் வில்லை எடுத்தார், இழுத்தார், விட்டார். வாழைத் தண்டு மெத்தென்று இருந்ததால் அம்பு பாவம் பார்த்து அதில் குத்தி நின்றது. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அரசருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் கலங்கியது.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "இது என்ன வில்! யார் வேண்டுமானாலும் வளைக்கலாமே!" என்று அதைப் பிடுங்கினார்.

"வேண்டாம் தளவாய், அது தாங்காது" என்று நான் கெஞ்சினேன். கெஞ்சினால் அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மதயானையார் நெஞ்சை நிமிர்த்தி, நாணைக் காதுவரை இழுத்தார். படார்! ஒரு துண்டு வாழையடியில் போய் விழுந்தது. ஒரு துண்டு அவர் மீசையைப் பதம் பார்த்தது.

"பார்த்தீர்களா அரசே!" என்று கத்தினேன். "தங்களுக்கு வளைந்தது. அடுத்தவன் கை பட்டதும், அவனுக்கு வளைவதைவிடச் சாவதே மேல் என்று உயிரை விட்டுவிட்டது!"

அரசர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "அடடா, என்ன விசுவாசம்! ஆதிநாதா, இன்று முதல் நம் படைக்கு வேண்டிய வில் எல்லாம் நீதான் செய்கிறாய்!"

சாஷ்டாங்கமாக விழுந்தேன்.

"அரசே, அது மட்டும் வேண்டாம். நான் செய்யும் வில் எல்லாமே இதே ஜாதி விசுவாசம். எதிரி வருவதற்குள் மொத்தமும் உயிரை விட்டுவிடும்!"

தளவாயே மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். அரசருக்குப் புரை ஏறியது. "பிழைத்துப் போ. உன் இடம் உனக்குத்தான். வேறு என்ன வேண்டும், கேள்."

"ஒரு வண்டி விறகு, அரசே."

"விறகா? எதற்கு?"

"இனிமேல் நான் வில் செய்யப் போவதில்லை. என் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?"