பன்னிரண்டு கிலோ கொடுவா

"தலைமுழுகின பிள்ளை திரும்பி வந்து நின்னா என்ன தாயி செய்யிறது?"

கேட்டவர் அஞ்சப்பன். அறுபது வயது. அதில் நாற்பது கடலில் போனது.

கழிமுகத்தில் தனியாக இருந்த பச்சைநாயகி அவரைவிட இருபது வயது இளையவள். துறவி. மீன் தின்கிற துறவி என்பதால் ஊரில் பாதிப்பேர் அவளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அஞ்சப்பனோ மனசு சரியில்லாத நாளெல்லாம் அவளிடம்தான் வருவார்.

முதல் மழையில் வலையில் பட்ட கொடுவா மீனை அவளுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் தோளில் ஒன்று கிடந்தது. பன்னிரண்டு கிலோ இருக்கும்.

"யாரு வந்தது?"

"என் மகன். சேலை கட்டிக்கிட்டு, பொம்பளையா வந்து நிக்கிறான். எட்டு வருசம் முன்னாடியே அவன் செத்துட்டான்னு ஊரறிய மொட்டை போட்டவன் நான். இப்ப அவங்கம்மா படுத்த படுக்கை. பிள்ளை முகத்தைப் பார்க்காம கண்ணை மூடமாட்டேங்கிறா. காலையிலேர்ந்து வாசல்லயே நிக்கிறான். யாரும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லி முடிக்கும் முன்னே குரல் உடைந்தது. கோபமா துக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

பச்சைநாயகி அரிவாள்மனையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அறுங்க பெரியவரே. இது ஆணா, பெண்ணா?"

கொடுவா விஷயத்தில் அஞ்சப்பனிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. அலையாத்தி வேருக்குப் பின்னால் ஆடாமல் அசையாமல் கிடந்து, தன்னில் பாதி நீளமுள்ள மடவை மீனைக்கூட ஒரே வாயில் விழுங்குகிற மீன். அதன் ஒவ்வொரு பழக்கமும் அவருக்கு அத்துப்படி.

"இதுக்கு அறுக்கணுமா? இம்மாம் பெருசுன்னா பெண்ணுதான். சினை இருக்கும்."

அறுத்தார். இருந்தது. மஞ்சளாக, கை கொள்ளாமல்.

"சின்னக் கொடுவா?"

"அதெல்லாம் ஆணுதான். ஆயிரம் அறுத்திருப்பேன் தாயி. ஒண்ணுலகூடச் சினை பார்த்ததில்ல."

"சின்னதுல பெண்ணே இல்லையா?"

"இல்ல."

"அப்போ இது எங்கேர்ந்து வந்துது?"

"எங்கேர்ந்து வரும்? அந்தச் சின்னதுதான் வளர்ந்து…"

கை நின்றுவிட்டது.

நாற்பது வருடமாகத் தெரிந்த சங்கதிதான். வாய்விட்டுச் சொன்னது இன்றைக்குத்தான்.

பச்சைநாயகி சினையை அலசி இலையில் வைத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"வாசல்ல நிக்கிற பிள்ளை இப்ப என்ன பேரு வச்சிருக்கு?"

அஞ்சப்பன் அவளையே பார்த்தார்.

"தெரியாது தாயி. நான் கேக்கவே இல்ல."

செதில் ஒட்டிய கையைக்கூடக் கழுவவில்லை. எழுந்தார். மணலில் கால் புதையப் புதைய வீட்டுக்கு ஓடினார்.

சாத்திய கதவுக்கு முன்னால் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள்.

மூச்சு வாங்க அவர் கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"